8/7/6 மார்க்கோடு ஐஐஎம் போவது எப்படி: சாதாரண ப்ரொஃபைல்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பத்தாவதில் 88 சதவீதம், பன்னிரண்டாவதில் 79, பி.இ. மெக்கானிக்கலில் 68. மூன்றாவது செமஸ்டர் கணக்கில் ஓர் அரியர். பெயரைச் சொன்னால் "அது எங்க இருக்கு?" என்று கேட்கிற கல்லூரி. படித்தது மெக்கானிக்கல், வேலை பார்த்தது சோழிங்கநல்லூரில் ஓர் ஐடி கம்பெனியில். மாநில அளவில் எதுவும் விளையாடியதில்லை, ஸ்டார்ட்அப் வைத்ததில்லை. எம்பிஏ தயாரிப்பில் இருப்பவர்கள் இதை "8/7/6" என்று சுருக்கிவிடுவார்கள். 9/9/9 வைத்திருப்பவர்கள் நம்மைப் பார்க்கிற பார்வையே தனி.

இந்த மார்க்கோடுதான் இரண்டாவது முயற்சியில் பழைய ஆறு ஐஐஎம்களில் ஒன்றில் சேர்ந்தேன். பெங்களூரு, லக்னோ, அகமதாபாத், கல்கத்தா, கோழிக்கோடு, இந்தூர் ஆகிய ஆறையும் சேர்த்து "பிளாக்கி" என்பார்கள். அதற்கப்புறம் சில வருடங்களாக ஊர்ப்பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு மாக் (ஒத்திகை) இன்டர்வியூ எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் கோட்டைவிட்டவை, அவர்கள் கோட்டைவிடுகிறவை இரண்டையும் வைத்து எழுதியது இது.

ஒரு விளக்கம். தமிழில் எழுதினால் ஐஐஎம் நுழைவுத்தேர்வும் "கேட்"தான், பொறியியல் மேற்படிப்புக்கான தேர்வும் "கேட்"தான். இங்கே எல்லா இடத்திலும் ஐஐஎம் தேர்வையே சொல்கிறேன்.

முதலில் ஒரு வெள்ளைத்தாள்

பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டப்படிப்பு சதவீதம், முழுநேர வேலை அனுபவம் எத்தனை மாதம், இடஒதுக்கீட்டுப் பிரிவு, படித்த துறை. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். பட்டப்படிப்பில் 50 சதவீதம் இருந்தால் கேட் எழுதலாம். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45 போதும். வயது வரம்பு இல்லை. கடைசி வருடத்தில் படித்துக்கொண்டிருப்பவர்களும் எழுதலாம்.

சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்ற உங்கள் பல்கலைக்கழகம் என்ன சூத்திரம் தந்திருக்கிறதோ அதை மட்டும் பயன்படுத்துங்கள். நண்பன் போட்ட கணக்கு, கூகுளில் வந்த கணக்கு எதுவும் வேண்டாம். 2021இல் தமிழ்நாட்டில் பத்தாவது முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லாமல் "தேர்ச்சி" என்று மட்டும் இருக்கும். அந்த வருடத்துப் பிள்ளைகள் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே கேட் உதவி மையத்துக்கு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது தாளைப் பாருங்கள். அதில் முக்கால்வாசி இனி மாறாது. மாறக்கூடியவை மூன்றுதான்: தேர்வு மதிப்பெண், வேலை அனுபவத்தின் நீளம், இன்டர்வியூ. "பத்தாவதில் இன்னும் ரெண்டு மார்க் வாங்கியிருந்தா" என்று நான் ஒரு வருடம் புலம்பினேன். அந்த நேரத்தில் இரண்டு வருட வினாத்தாள்களை முடித்திருக்கலாம்.

யார் எதை எடைபோடுகிறார்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள். ஒவ்வொரு ஐஐஎம்மும் தன் சேர்க்கைக் கொள்கையை வருடாவருடம் இணையதளத்தில் பிடிஎஃப்பாக வெளியிடுகிறது. எந்த மதிப்பெண்ணுக்கு எத்தனை புள்ளி என்பது அதில் இருக்கும். கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன்பு அதைப் படித்துவிடுங்கள். நான் முதலில் போன சென்டரில் என் மார்க்கைப் பார்த்துவிட்டு "கேட்ல 99.5 பெர்சன்டைல் வேணும், இல்லேன்னா மறந்துடுங்க" என்றார்கள். சொன்ன கையோடு ஒரு ஸ்பெஷல் பேக்கேஜும் விற்றார்கள். நான் வாங்கியும் விட்டேன்.

அகமதாபாத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சமீப வருடங்களில் அவர்கள் வெளியிட்ட முறைப்படி, இன்டர்வியூவுக்கு அழைக்கும்போது கேட் மதிப்பெண்ணுக்கு 65 சதவீதம், விண்ணப்பத் தரப்புள்ளிக்கு (பள்ளி, கல்லூரி மதிப்பெண், வேலை அனுபவம் போன்றவற்றைச் சேர்த்துப் போடுவது) 35 சதவீதம். பத்தாவதில் 80க்கு மேல் 90 வரை என்றால் 8 புள்ளி, 90ஐத் தாண்டினால் 10. அதாவது 88 வாங்கிய எனக்கும் 91 வாங்கியவருக்கும் நடுவே 2 புள்ளி இடைவெளி. அதே அட்டவணையில் வேலை அனுபவத்தையும் பாருங்கள். 12 மாதம் முடியாதவருக்குப் பூஜ்யம், 24 மாதத்துக்கு 2.6, 36 மாதம் முடித்தவருக்கு முழுசாக 5. பத்தாவதில் விட்ட 2 புள்ளி இரண்டு வருட வேலையில் திரும்பி வந்துவிடுகிறது.

அதைவிட முக்கியமான கணக்கு அடுத்தது. அழைப்பு வந்தபிறகு நடக்கும் இறுதித் தேர்வில் இன்டர்வியூவுக்கு 50 சதவீதம், எழுத்துத் தேர்வுக்கு 10, கேட்டுக்கு 25, பழைய மார்க் வகையறாவுக்கு வெறும் 15. வாசலில் நம்மை மறிக்கிற பத்தாவது மார்க், உள்ளே போனபிறகு பல்லில்லாத பாம்பு.

எல்லா இடத்திலும் இதே விகிதம் இல்லை. பெங்களூரு பள்ளி, கல்லூரி மதிப்பெண்களுக்குக் கணிசமான இடம் தருகிறது; 8/7/6 காரர் அங்கே மூச்சுமுட்ட வேண்டியிருக்கும். 2011இல் தொடங்கிய திருச்சி உட்பட, புதிய ஐஐஎம்கள் பலவும் "கேப்" மாதிரியான பொதுச் சேர்க்கை முறைகளில் ஒரே இன்டர்வியூவை வைத்துப் பல இடங்களுக்கு ஆள் எடுக்கின்றன. 2023இல் ஐஐஎம் மும்பை ஆன பழைய நிட்டியையும் மறந்துவிடாதீர்கள். பொறியியல் படித்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு அது தோதான இடம்.

வேலை அனுபவத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பட்டம் முடித்தபிறகு பார்த்த முழுநேர வேலைதான் கணக்கு, இன்டர்ன்ஷிப் சேராது. பெரும்பாலும் அந்த வருடம் ஜூலை 31 வரை முடிந்த மாதங்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். 35 மாதமா 36 மாதமா என்பது ஆஃபர் லெட்டர் தேதியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

உங்கள் எண்களை வைத்து நான்கைந்து கல்லூரிகளின் அட்டவணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். எக்செல் கூட வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும். எங்கே உங்களுக்குச் சேதாரம் குறைவோ அதுதான் உங்கள் பட்டியல்.

சான்றிதழில் நான் வாங்கிய அடி

தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் விழுகிற குழி இது. நம் ஊரில் பிசி, எம்பிசி என்று ஒரு சாதிச் சான்றிதழ் இருக்கிறது. பள்ளி, கல்லூரி, கவுன்சிலிங் எல்லாம் அதிலேயே ஓடிவிடும். ஐஐஎம்கள் மத்திய அரசின் நிறுவனங்கள். நம் மாநிலத்தின் 69 சதவீதக் கணக்கு அங்கே செல்லாது. அங்கே ஓபிசிக்கு 27, எஸ்சிக்கு 15, எஸ்டிக்கு 7.5, ஈடபிள்யூஎஸ்ஸுக்கு 10 சதவீதம். மாற்றுத்திறனாளிகளுக்கு எல்லாப் பிரிவுக்குள்ளும் 5.

ஓபிசியில் வர வேண்டுமென்றால் உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதில் இருக்காது. கூடவே கிரீமி லேயரில், அதாவது ஓபிசியிலேயே வசதியான குடும்பங்களின் கணக்கில், வரவில்லை என்று மத்திய அரசு படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும், அதுவும் அவர்கள் கேட்கிற நிதியாண்டுத் தேதியோடு. வருமான வரம்பு 8 லட்சம். விவசாய வருமானம் அந்தக் கணக்கில் சேராது. இதில் பார்ப்பது பெற்றோரின் நிலையை. உங்கள் ஐடி சம்பளத்தை அல்ல. "நான் எட்டு லட்சம் வாங்கறேன், எனக்குக் கிடைக்காது" என்று சும்மா இருந்துவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

முதல் வருடம் நான் ஓபிசி என்று டிக் அடித்துவிட்டு, லேமினேஷன் போட்ட பிசி அட்டையை ஸ்கேன் செய்து ஏற்றினேன். இன்டர்வியூ அன்று சரிபார்ப்பு மேஜையில் இருந்தவர் அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மத்தியப் படிவம் எங்கே?" என்றார். இரண்டு வாரம் அவகாசம் தந்தார்கள். நான் ஊருக்கு ஓடினேன். வி.ஏ.ஓ. லீவு, ஆர்.ஐ. தேர்தல் வேலை, தாசில்தார் ஜமாபந்தி. சான்றிதழ் கைக்கு வந்தபோது கெடு தாண்டி ஒன்பது நாள். பொதுப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள், இடம் போனது.

ஏப்ரல் பிறந்ததும் முதல் வேலையாக இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். கேட் இணையதளத்தில் இருக்கிற படிவ மாதிரியோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாவின் இனிஷியல் பத்தாவது சான்றிதழில் ஒரு மாதிரியும் இங்கே ஒரு மாதிரியும் இருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

கேட்: 204க்கு எவ்வளவு போதும்?

விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில். தேர்வு நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு. 2025இல் கட்டணம் 2,600 ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300. மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் திரும்பிப் போக முடியாது. 2024இல் ஆங்கில வாசிப்பில் 24 கேள்வி, டேட்டாவும் லாஜிக்கும் சேர்ந்த பகுதியில் 22, கணக்கில் 22. மொத்தம் 68 கேள்வி, 204 மார்க். சரியான பதிலுக்கு 3, நான்கில் ஒன்றைத் தேர்வு செய்கிற கேள்வியில் தப்புக்கு மைனஸ் 1. விடையைத் தட்டச்சு செய்கிற கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது.

அந்த வருடம் எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். 99 பெர்சன்டைல் என்றால் அதில் முன்னணி 2,900 பேருக்குள் இருக்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் 204இல் பாதி மார்க்கூட வாங்காதவர்கள் அந்த 99ஐத் தொட்டார்கள். 45 கேள்வி எடுத்து 34 சரி, 11 தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: 102இல் 11 போக 91. அதாவது 68இல் மூன்றில் ஒரு பங்குக் கேள்வியைத் தொடாமலே விடலாம். இந்தத் தேர்வில் ஜெயிப்பவர் விட வேண்டியதை விடத் தெரிந்தவர். பள்ளியில் "எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிட்டு வா, பேப்பரைக் காலியா விடாதே" என்று பழக்கப்பட்ட நமக்கு அதுதான் கஷ்டம்.

டேட்டா, லாஜிக் பகுதியில் 22 கேள்வியும் ஐந்து செட்டுகளாக வரும். முதல் நான்கைந்து நிமிடம் பேனாவைத் தொடாமல் ஐந்தையும் படியுங்கள். எது எளிது, எது சனியன் என்று வரிசைப்படுத்துங்கள். முதலில் கண்ணில் பட்ட செட்டைக் கட்டிக்கொண்டு 18 நிமிடம் மல்லுக்கு நின்று, அப்புறம் கை நடுங்க மிச்சத்தைப் பார்த்ததுதான் என் முதல் வருடக் கதை. அந்தப் பகுதியில் எனக்கு வந்தது 81 பெர்சன்டைல். மொத்தம் 93. பகுதிவாரிக் கட்-ஆஃபும் இருப்பதால், ஒன்றில் சறுக்கினால் இன்னொன்றில் வாங்கியது வீண்.

ஆங்கில வாசிப்புதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி. நான்கு பத்தித் தொகுப்பு, 16 கேள்வி; மீதி 8 பத்தியைச் சுருக்குவது, வாக்கியங்களை வரிசைப்படுத்துவது போன்றவை. "இந்து பேப்பர் எடிட்டோரியல் படி" என்று எல்லாரும் சொல்வார்கள். படியுங்கள், தப்பில்லை. ஆனால் தேர்வில் வருவது தத்துவம், மானுடவியல், சூழலியல், கலை வரலாறு என்று நமக்குச் சம்பந்தமே இல்லாத கட்டுரைகள். எனக்குக் கைகொடுத்த ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். தினமும் அப்படி ஒரு நீளமான ஆங்கிலக் கட்டுரையைப் படித்து, "இந்த ஆள் என்னதான் சொல்ல வர்றார், யாரோட சண்டை போடறார்" என்பதைத் தமிழில் இரண்டு வரி எழுதுவேன். ஆங்கிலத்தில் எழுதினால் கட்டுரையிலிருந்த சொற்களையே திருப்பிப் போட்டுவிட்டு, புரிந்ததாக நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். தமிழில் எழுதும்போது ஏமாற்ற முடியாது. நான்கு மாதத்தில் பழைய டைரி ஒன்று நிறைந்தது. இரண்டாவது வருடம் எனக்கு மூன்றில் அதிகம் வந்தது அந்தப் பகுதிதான்.

கணக்கில் சதவீதம், வேகம், விகிதம் மாதிரியான அரித்மெட்டிக்கும் அல்ஜீப்ராவும்தான் பெரும்பகுதி. அவை கைவசம் ஆனபிறகு மற்றதைப் பாருங்கள். பொறியியல் படித்தவர்கள் "கணக்குதானே" என்று அலட்சியமாக வந்து அடி வாங்குவது இங்கேதான்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு ஏழெட்டு மாதம் வேண்டும்: வார நாளில் ஒன்றரை மணி, சனி ஞாயிறு ஐந்தைந்து மணி. ஆகஸ்டிலிருந்து வாரத்துக்கு ஒரு மாக் தேர்வு, அக்டோபரில் வாரத்துக்கு இரண்டு. இரண்டு மணி நேரம் எழுதிய மாக்கை மூன்று மணி நேரம் அலசுங்கள். ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: தெரியவில்லை, தெரிந்தும் கூட்டல் தப்பு, எடுத்திருக்கவே கூடாது. மூன்றாவது காரணம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஆடிப்போவீர்கள்.

மற்ற கதவுகள்

கேட் விண்ணப்பத்திலேயே ஐஐஎம்களைத் தேர்வு செய்துவிடலாம். ஆனால் கேட் மதிப்பெண்ணை ஏற்கும் மற்றக் கல்லூரிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்: டெல்லி எஃப்எம்எஸ், குர்கான் எம்டிஐ, மும்பை எஸ்பி ஜெயின், ஐஐடி மெட்ராஸின் மேலாண்மைத் துறை இப்படி. சிலவற்றின் கடைசித் தேதி நவம்பரிலேயே, ரிசல்ட்டுக்கு ரொம்ப முன்பே, முடிந்துவிடும். காலண்டரில் குறித்து வையுங்கள். எஃப்எம்எஸ் கட்டணம் ஐஐஎம்களோடு ஒப்பிட்டால் சொற்பம். அதனால்தான் அங்கே அவ்வளவு அடிதடி.

ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐக்கு ஜனவரி முதல் ஞாயிறு வாக்கில் "சாட்" (XAT) தேர்வு. ஒரு சூழ்நிலையைக் கொடுத்து என்ன முடிவெடுப்பீர்கள் என்று கேட்கிற தனிப் பகுதி அதில் இருக்கிறது. கேட்டுக்குப் படித்தவர் கூடுதலாக ஒரு மாதம் பழைய வினாத்தாள்களைப் பார்த்தால் எழுதிவிடலாம். இரண்டு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் ஐதராபாத் ஐஎஸ்பியையும் யோசிக்கலாம். அங்கே ஜிமேட் அல்லது ஜிஆர்இ மதிப்பெண்ணோடு கட்டுரைகளுக்கும் பரிந்துரைக் கடிதத்துக்கும் எடை உண்டு.

பத்து விண்ணப்பம் போட்டால் இருபதாயிரம் ரூபாய் சர்ரென்று போய்விடும். போட்ட கணக்கில் வந்த நான்கைந்தோடு நிறுத்துங்கள்.

"சப்போர்ட்தாண்ணா"

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். போன வருடம் நாமக்கல் பக்கத்துத் தம்பி ஒருவனுக்கு மாக் எடுத்தேன். பெங்களூரில் ஐடி வேலை, 8/8/7, மூன்று ஐஐஎம் அழைப்பு கையில். "என்ன வேலை பாக்கறே?" என்றேன். மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில், தான் ஒரு டீம் பிளேயர் என்றும், ரீடெயில் கிளையன்ட்டுக்குத் தீர்வுகள் வழங்குவதாகவும் சொன்னான். நான் தமிழுக்கு மாறினேன்.

"நேத்து நைட் ஷிஃப்ட்ல என்ன பண்ணினே?"

"சப்போர்ட்தாண்ணா. டிக்கெட் வரும், குளோஸ் பண்ணுவோம்." (டிக்கெட் என்றால் பதிவாகி வருகிற புகார்.)

"போன மாசம் எந்த டிக்கெட் அதிகமா வந்துச்சு?"

கொஞ்சம் யோசித்தான். "டபுள் பேமென்ட்ண்ணா. ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை காசு போயிடும்."

"ஏன் போகுது?"

"கடையில நெட் ஸ்லோவானா மெஷின் சுத்திட்டே இருக்கும். கேஷியர் போகலைன்னு நினைச்சு மறுபடி தேய்ப்பாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் ஜாஸ்தி வரும். நான் ஒரு எக்செல் போட்டுப் பாத்தேன், ஒரே மாடல் மெஷின் வெச்ச கடைங்களா இருந்துச்சு. லீடுகிட்ட சொன்னேன். அந்த மெஷினுக்கு மட்டும் திரையில 'காத்திருக்கவும்'னு ஒரு மெசேஜ் போட வெச்சாங்க. வாரத்துக்கு நாப்பது வந்த டிக்கெட் பன்னெண்டாச்சு."

"இதை ஏண்டா முதல்ல சொல்லலை?"

"இதெல்லாம் ஒரு விஷயமாண்ணா?"

ஒரு பிரச்சினையைக் கவனித்தான், எண்ணிப் பார்த்தான், காரணத்தைப் பிடித்தான், அதிகாரம் இல்லாமலே இன்னொருவரை மாற்ற வைத்தான். நிர்வாகப் படிப்பில் இரண்டு வருடம் இதைத்தான் விதவிதமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவனுக்கோ அது "டிக்கெட்".

எனவே இந்தப் படியை வீட்டுப்பாடமாகச் செய்யுங்கள். ஒரு நோட்டில் கடந்த இரண்டு வருட வேலையை மாதவாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று கேள்வி: எது உடைந்தது? நான் என்ன செய்தேன்? எண்ணில் என்ன மாறியது? முதல் முறை எழுதும்போது ஒன்றும் தோன்றாது. பழைய மெயில்களைத் திறந்து பாருங்கள். உங்கள் கம்பெனிக்குக் காசு எங்கிருந்து வருகிறது, கிளையன்ட் உங்களை ஏன் வைத்திருக்கிறார், உங்கள் டீமை மூடிவிட்டால் யாருக்கு வலிக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டீம் லீடோடு ஒரு டீ குடித்தால் பாதி தெரிந்துவிடும்.

விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பு அவசர அவசரமாக அனாதை இல்லம் போய் போட்டோ எடுப்பது, ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழ்களை அடுக்குவது எல்லாம் வேண்டாம். ஒரு கேள்வியில் உரிந்துவிடும். வாராவாரம் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தால் அதைச் சொல்லுங்கள். அது தெருப்பையன்களுக்கு டியூஷனாக இருக்கலாம், அப்பாவின் மளிகைக்கடைக் கணக்காகவும் இருக்கலாம். மளிகைக்கடைக் கணக்கை நான் முதலில் கேட்பேன்.

இன்டர்வியூ அறை

டிசம்பர் பின்பாதியில் ரிசல்ட் வரும். அதன்பின் ஏப்ரல் வரை இன்டர்வியூ காலம். இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், இருபது நிமிடம் போல நடக்கும். சில இடங்களில் அதற்கு முன் ஒரு சிறு எழுத்துத் தேர்வு. ஒரு நிலைப்பாடு, இரண்டு காரணம், ஒரு எதிர்வாதம், அதற்குப் பதில் என்று எழுதினால் போதும்.

கேள்விகள் நான்கு திசையிலிருந்து வரும்: வேலை, படித்த பாடம், ஊர், ஏன் எம்பிஏ. படித்த பாடத்தில் இரண்டை மட்டும் எடுத்து அடிப்படையிலிருந்து படியுங்கள். "மெக்கானிக்கல் படிச்சிட்டு ஐடிக்கு ஏன் போனீங்க?" என்பது நிச்சயம் வரும். கேம்பஸில் வந்த வேலை அதுதான் என்றால் அதையே சொல்லுங்கள். அவர்களுக்கும் இந்த ஊர் நிலவரம் தெரியும்.

அரியர் பற்றிக் கேட்டார்கள். முதல் வருடம் ஐந்து நிமிடம் சப்பைக்கட்டு கட்டினேன்: வாத்தியார் சரியில்லை, அப்போது காய்ச்சல். இரண்டாவது வருடம் சொன்னது, "படிக்கலை சார். மற்றப் பாடம் போதும்னு நினைச்சேன். அடுத்த செமஸ்டர்ல 74 வாங்கி முடிச்சேன்." ஒருவர் சிரித்தார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

ஊர் விஷயத்தில் கோட்டைவிடாதீர்கள். நாமக்கல் என்றால் முட்டை விலையை யார் அறிவிக்கிறார்கள் என்று கேட்பார்கள். நெக் என்கிற தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கடுத்து, தீவன விலை ஏறினால் பண்ணைக்காரர் என்ன செய்வார் என்பார்கள். திருப்பூர் என்றால் பஞ்சு விலையும் டாலரும், சிவகாசி என்றால் பட்டாசுக்கு வந்த நீதிமன்றக் கட்டுப்பாடுகள், சேலம் என்றால் ஜவ்வரிசி. நூறு வருடம் அங்கேயே இருந்த குடும்பம் என்பது பதில் ஆகாது. மாமா, சித்தப்பா யாராவது அந்தத் தொழிலில் இருந்தால் ஒரு நாள் கூடவே போய் நில்லுங்கள்.

"ஏன் எம்பிஏ?" என்பதற்கு "மேனேஜர் ஆகணும்" போதாது. வேலையில் எந்த இடத்தில் முட்டிக்கொண்டீர்கள், எதைத் தெரிந்திருந்தால் தாண்டியிருப்பீர்கள் என்று சொல்லுங்கள். மேலே சொன்ன நோட்டை ஒழுங்காக எழுதியவருக்கு இதற்குத் தனித் தயாரிப்பு வேண்டாம். அந்தத் தம்பி, டிக்கெட்டைக் குறைத்துவிட்டேன், ஆனால் அதனால் கிளையன்ட்டுக்கு எவ்வளவு பணம் மிச்சம் என்று கேட்டபோது எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை என்றான். அதுவே அவன் பதில்.

ஆங்கிலம் தடுமாறினால் மெதுவாகப் பேசுங்கள். இலக்கணப் பிழைக்காக யாரும் வெளியே அனுப்புவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் அளப்பவரைத்தான் அனுப்புகிறார்கள்.

பணம், ராஜினாமா

பெரிய ஐஐஎம்களில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும். சிலவற்றில் 25 லட்சத்துக்கும் மேல். வீட்டில் இதைக் கேட்டதும் ஒரு நிசப்தம் வரும். முன்னணிக் கல்லூரிகளுக்கு வங்கிகள் அடமானம் இல்லாமலே கல்விக்கடன் தருகின்றன. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்பதால் வட்டி நின்றுவிடாது. முடிந்தால் வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள்.

எந்தக் கல்லூரி என்று முடிவு செய்யும்போது பேப்பரில் வரும் "உச்ச சம்பளம்" செய்தியை ஒதுக்கிவிட்டு, தணிக்கை செய்த பிளேஸ்மென்ட் அறிக்கையில் மீடியனை, அதாவது வரிசையில் நட்ட நடுவில் இருப்பவரின் சம்பளத்தை, பாருங்கள். சராசரியை நான்கு பேர் தூக்கிவிட முடியும், மீடியனை முடியாது. மனதுக்குப் பிடிக்காத இடம் மட்டும் கிடைத்திருந்தால், இன்னொரு வருடம் எழுதுவதா என்பதை மீடியனையும் உங்கள் இப்போதைய சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவெடுங்கள். கேட் மதிப்பெண் அடுத்த வருடம் டிசம்பர் 31 வரைதான் செல்லும்.

அப்புறம் நோட்டீஸ் பீரியட். ஐடி கம்பெனிகள் பலவற்றில் 90 நாள். இறுதி முடிவுகள் ஏப்ரல், மே மாதத்தில் வரும், வகுப்பு ஜூனில் தொடங்கிவிடும். கணக்குப் பாருங்கள், இடிக்கும். முதல் உறுதியான இடம் கையில் வந்த அன்றே மெயில் போட்டுவிடுங்கள். நோட்டீஸைக் குறைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி ஆஃபர் லெட்டரோடு பொருந்துகிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்து வாங்குங்கள். என்னுடையதில் ஒரு மாதம் தள்ளி அடித்திருந்தார்கள். சேர்க்கை நாளன்று அதை விளக்கி உறுதிமொழிக் கடிதம் எழுதிக் கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் ஹாஸ்டல் சாவியை வாங்கினேன்.